இருட்டுவதற்குள் சாப்பாட்டுப் பை காலியாக வேண்டும்

நீலகிரிக்கும் வால்பாறைக்கும் பைக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். கிளம்பும் முன் டயர், மழைக்கோட்டு, பெட்ரோல் பற்றியெல்லாம் விசாரிப்பார்கள். ராத்திரி டென்டில் தங்கும்போது காட்டு விலங்குக்கு எட்டாமல் சாப்பாட்டை எங்கே வைப்பது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்கிற ஓரிருவரும், யூட்யூபில் பார்த்தபடி மரக்கிளையில் தொங்கவிட்டால் போதாதா என்பார்கள்.

போதாது. அது அமெரிக்கக் காட்டுக்குச் சொன்ன வழி. அங்கேயும் யோசெமிட்டி போன்ற பூங்காக்களில் கரடி திறக்க முடியாத கெட்டி டப்பா கட்டாயம். நம் ஊர்க் கரடி தேனடைக்காக மரம் ஏறும். குரங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யானையின் தும்பிக்கைக்கு நாலு மீட்டர் உயரம் ஒரு பொருட்டே இல்லை.

கரடியைத்தான் நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கோயில் கதவை உடைத்து, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது வழக்கமான செய்தி. அப்படியானால் தலைமாட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில், ஊறுகாய், எண்ணெய் ஊறிய பரோட்டா பார்சல் எல்லாம் அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். பற்பசையும் சோப்பும்கூட வாசனைப் பொருள்தான். கிட்டத்தில் திடுக்கிட்டுப் போன கரடி ஓடாமல் பாயும். பெரும்பாலும் தலையையும் முகத்தையும்தான் குறிவைக்கும்.

யானையை இழுப்பது அரிசியும் உப்பும். வால்பாறை எஸ்டேட்டுகளில் ரேஷன் கடைச் சுவரையே இடித்து அரிசி மூட்டையை இழுத்திருக்கிறது. டென்ட் துணி எம்மாத்திரம்?

அதனால் என் குழுவில் முதல் விதி: இருட்டும் முன் சாப்பாடு தீர்ந்திருக்க வேண்டும். மலைக்குக் கீழிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வராமல், வழியில் கடைவீதியில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குவோம். வாழைப்பழம், பலா, கரும்பு, வெல்லம் வண்டியில் ஏறவே கூடாது. சமைப்பதென்றால் டென்டிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி. சமைக்கும்போது போட்டிருந்த சட்டையோடு படுக்கப் போகக் கூடாது. காலைக்கென்று மிஞ்சுகிற அவல், கடலை மிட்டாய் இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போய், தங்குமிடத்துக் காவலாளியின் கட்டட அறையில் இருக்கும்.

அப்புறம் வண்டி. பைக்கின் இருபுறமும் தொங்கும் துணிப் பை (சாடில் பேக்) குரங்குக்கும் எலிக்கும் ஒரு தடையே இல்லை. அலுமினியப் பெட்டி இந்த இரண்டையும் தடுக்கும், வாசனையைத் தடுக்காது. பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாகி, வண்டியை டென்டை ஒட்டி நிறுத்துவது ஆபத்து. சாயங்காலம் எல்லோரையும் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் டேங்க் பேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறச் சொல்வேன். தையல் இடுக்கில் பிஸ்கட் தூள், ஆரஞ்சுத் தோல், பாதி தின்ற சாக்லேட் என்று ஏதாவது விழாமல் இருந்ததில்லை. ஜாக்கெட் பாக்கெட்டையும் பார்த்துவிடுங்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். டென்ட் போடும் பேச்சே கிடையாது.

சாப்பாட்டுக்குப் பழகிய விலங்குக்கு என்ன ஆகும் என்பதற்கு மசினகுடி ரிவால்டோ கண்கூடான சாட்சி. மனிதர்கள் கொடுத்துக் கொடுத்துப் பழகி ஊரையே சுற்றி வந்த அந்தக் காட்டு யானையை 2021இல் பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். சில மாதம் கழித்துத்தான் காட்டில் விட்டார்கள். பழக்கிய யாரும் அந்தக் கூண்டில் நிற்கவில்லை.

குப்பையையும் தங்கும் இடத்தில் புதைக்காதீர்கள், விலங்குகள் தோண்டி எடுத்துவிடும். எரிக்கவும் வேண்டாம், காட்டுத்தீ. பழத்தோல் உட்பட எல்லாவற்றையும் கெட்டியான கவரில் கட்டி, கீழே இறங்கிய பிறகு ஊர்த் தொட்டியில் போடுங்கள்.