வெளிநாட்டுத் தொண்டரை யாரிடம் ஒப்படைப்பது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆங்கில ஆசிரிய ஆலோசகராகப் போய்வருகிறேன். பிரித்தானியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுத் தொண்டர்களை அங்கே பார்க்கிறேன். லண்டனிலும் டொரொண்டோவிலும் பிறந்து வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். பாடசாலை அதிபர்மாரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தொண்டரை ஒரு வகுப்பிடம் ஒப்படைக்காதீர்கள், ஓர் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.

பல இடங்களில் நடப்பது வேறு. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் மலையகத்தில் ஆசிரியர் போதாது. மழை நாளில் டவுனிலிருந்து வர வேண்டிய இரண்டு பேர் வராவிட்டால் அதிபர்தான் என்ன செய்வார்? "மிஸ், தரம் ஆறைக் கொஞ்சம் பாருங்க" என்று தொண்டரை அனுப்பிவிடுகிறார். போன வருடம்வரை தானே மாணவியாக இருந்த பிள்ளை அது. கற்பித்தல் பயிற்சி கிடையாது. வகுப்பே எழுந்து நின்று "குட் மோர்னிங் டீச்சர்" என்கிறது. அவர் பேசும் வேகம் யாருக்கும் பிடிபடுவதில்லை. விளங்கியதா என்று கேட்டால் "யெஸ் டீச்சர்" என்பார்கள், அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு வாரம் போனால் பாட்டும் விளையாட்டும்தான் மிஞ்சும். பிள்ளைகளுக்கு அதில் சந்தோஷம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தரம் பதினொன்றின் முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போவது அந்தப் பிள்ளைகள்தானே.

நன்றாக நடந்த ஓரிடத்தைச் சொல்கிறேன். தரம் ஆறுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை நன்றாக வாசிப்பார், எழுதுவார். பேசத்தான் கூச்சம். பாடம் முழுக்கத் தமிழிலேயே போகும். அதிபர் தொண்டரை அவரோடு சேர்த்துவிட்டார். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் இருவரும் ஆளுக்கொரு பிளேன்டீயோடு உட்கார்ந்து, அடுத்த நாள் பாடத்தை ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார்கள். வகுப்பை நடத்துவது ஆசிரியைதான். பின்வரிசைப் பிள்ளைகள் வாசிப்பதைத் தொண்டர் பக்கத்தில் இருந்து கேட்பார். பாடப்புத்தகப் பந்திகளை நிதானமாக வாசித்து ஆசிரியையின் போனில் பதிவும் செய்து கொடுத்தார். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுப்பது, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து, மாரியம்மன் திருவிழா என்று பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்ல, அதை வைத்து எல்லோருமாக வாசிப்பு அட்டைகள் செய்தார்கள். தொண்டர் ஊர் திரும்பிய பிறகு நான் அங்கே போனபோது, ஆசிரியை ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே பிழை வந்தது, அதற்காக அவர் நிறுத்தவில்லை. பதிவும் அட்டைகளும் அப்போதும் பாவனையில் இருந்தன.

அந்த ஆசிரியை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் பிறந்தவர், அம்மா கொழுந்து பறித்தவர். இது எனக்குப் பெரிய விஷயம். 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் மலையகத் தமிழ் மக்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல் வந்த சட்டத்தின் மூலம்தான் குடியுரிமை கிடைத்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான். அதற்குப் பிறகுதான் லயத்துப் பிள்ளைகள் இத்தனை பேர் படித்து, தங்கள் பாடசாலைக்கே ஆசிரியராகத் திரும்பியிருக்கிறார்கள். அப்படி வந்த ஆசிரியரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகிறவர் கையில் சோக்கைக் கொடுத்தால், பிள்ளைகள் அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வார்கள்? இந்த வரலாற்றைப் புலம்பெயர் தம்பி, தங்கச்சிமார் வருமுன்பே வாசித்துவிட்டு வர வேண்டும். "உங்க அம்மா எந்தத் தோட்டம்?" என்று பிள்ளைகள் கேட்கத்தான் போகிறார்கள்.

இன்னொரு காரணம் பிரிவு. தரம் ஒன்று, இரண்டுப் பிள்ளைகள் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். அம்மா மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ வேலைக்குப் போயிருக்க, அம்மாயியிடம் வளரும் பிள்ளை எங்கள் வகுப்புகளில் நிறைய. அந்தப் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு, ஒருநாள் வேனில் ஏறிப் போவது சின்ன விஷயமில்லை. அடுத்த தொண்டர் வந்தபோது பக்கத்திலேயே போகாமல் நின்ற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். போகும் திகதியை முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, ஒரு வீட்டுக்கு மட்டும் காசு வேண்டாம். லயத்தையும் பிள்ளைகளையும் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதும் வேண்டாம். பெற்றோரைக் கேட்காமல் எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. பெற்றோரைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையோ மாலை ஐந்துக்குப் பிறகோ போங்கள், மற்ற நேரத்தில் மலையில் வேலையில் இருப்பார்கள்.

சரி, சேர்க்கும் முன் அதிபர் பார்க்க வேண்டியவை. சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதி இல்லை, அதனால் விசாவைப் பாருங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அறிவியுங்கள். சொந்த நாட்டுப் பொலிஸ் சான்று கேளுங்கள். வெளிநாடு போய்ப் பிள்ளைகளோடு வேலை செய்வோருக்கென்றே பிரித்தானியாவில் தனிச் சான்றிதழ் உண்டு. கேட்டால் மனம் நோகும் என்று தயங்க வேண்டாம், நல்ல அமைப்பிலிருந்து வருபவர் அதைக் கையோடு கொண்டுவருவார். தனி அறையில் ஒரு பிள்ளையோடு மட்டும் எவரும் இருக்கக் கூடாது. சந்தேகம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

வருகிற பிள்ளையையும் தனியே விடாதீர்கள். முதலில் குளிரும் அட்டைக்கடியும் புதுமையாக இருக்கும். விடாமல் மழை பெய்து, உடுப்புக் காயாமல், போனில் சிக்னலும் இல்லாதபோது அழுகை வரும். ஆசிரியர் குடும்பமொன்றோடு தங்க வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஜூலை, ஆகஸ்ட் வசதி என்று பலர் கேட்கிறார்கள், அங்கே அப்போது கோடை விடுமுறை. இங்கே அது தென்மேல் பருவமழைக் காலம். வழக்கமாக ஆகஸ்டில் தவணை விடுமுறையும் வந்துவிடும். ஜனவரியில் வந்து முதலாம் தவணை முழுக்க இருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதவரிடம், ஊரில் இருந்தபடியே வாரம் ஒரு நாள் அந்த ஆசிரியரோடு வட்ஸ்அப்பில் ஆங்கிலம் பேசுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.