காது அல்ல, மனதிலுள்ள அகராதி

"புது டீச்சர் பேசுவது எனக்குப் புரிகிறது, ஆறு வயது மகளுக்குப் புரியவில்லை. காதில் கோளாறா?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். சந்தேகமிருந்தால் சோதித்துவிடுங்கள். ஆனால் பழக்கமில்லாத உச்சரிப்பில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகம் தடுமாறுவது இயல்புதான், அதுவும் இரைச்சலான இடத்தில்.

செவிப்பறை, உள்காது, நரம்பு எல்லாம் பள்ளியில் படித்தவை. அதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு அலுக்காத அதிசயம். எதுவரை 'ஃப்' என்று எடுத்துக்கொள்வது, எதிலிருந்து 'ஸ்' என்று எடுத்துக்கொள்வது என்று ஒலிகளுக்கு நடுவே மூளை வரப்பு போட்டு வைத்திருக்கிறது. அந்த வரப்பு நகரும்!

2003இல் டென்னிஸ் நாரிஸ், ஜேம்ஸ் மெக்வீன், ஆன் கட்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 'ஃப்' என்றும் 'ஸ்' என்றும் சொல்ல முடியாத ஓர் இரண்டுங்கெட்டான் ஒலியைத் தயாரித்தார்கள். டச்சுக்காரர்களில் ஒரு குழுவுக்கு, 'விட்லோஃப்' என்ற கீரைப் பெயர் போன்ற 20 சொற்களின் கடைசி 'ஃப்'பை எடுத்துவிட்டு அந்த ஒலியை ஒட்டினார்கள். 'விட்லோஸ்' என்று ஒரு சொல்லே டச்சில் கிடையாது. அதனால் கேட்டவர் மூளை, 'இவர் ஃப் சொல்வது இப்படித்தான் போல' என்று எடுத்துக்கொண்டது. இன்னொரு குழுவுக்கு அதே ஒலி, 'ஸ்'ஸில் முடியும் சொற்களில். பிறகு சொல்லில்லாமல் அந்த மாதிரி ஒலிகளை மட்டும் கேட்கவைத்தால், முதல் குழு 'ஃப்' பக்கம் சாய்ந்தது, இரண்டாவது 'ஸ்' பக்கம். அர்த்தமில்லாத சொற்களில் ஒட்டியபோதோ வரப்பு அசையவே இல்லை. தெரிந்த சொல்தான் அதை நகர்த்தும் கடப்பாரை.

பெரியவர்களிடம் சொற்கள் நிறைய. அயல்மொழிக்காரர் பேசும் ஆங்கிலத்துக்கு அவர்கள் ஒரு நிமிடத்துக்குள் பழகிவிடுவதை 2004இல் கிளார்க், காரெட் இருவரும் காட்டினார்கள். குழந்தை அந்தச் சொற்களை இப்போதுதான் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கேத்தரின் பெஸ்ட் குழுவின் 2009 ஆய்வில், 15 மாத அமெரிக்கக் குழந்தைகள் பழகிய சொற்களை வீட்டு உச்சரிப்பில் மட்டுமே இனம் கண்டார்கள். 19 மாதக் குழந்தைகள் ஜமைக்கா உச்சரிப்பிலும் கண்டுபிடித்தார்கள். நான்கு மாதத்தில் எவ்வளவு தூரம்!

வேறு உச்சரிப்பைக் கேட்டால் பிள்ளையின் பேச்சு கெட்டுவிடும் என்று பயந்து ஆட்களை விலக்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. ஓர் உச்சரிப்பில் பலர் பேசக் கேட்டவர்கள், அதே உச்சரிப்புள்ள புதியவரையும் எளிதில் புரிந்துகொள்கிறார்கள் என்று பெரியவர்களிடம் செய்த சோதனைகள் சொல்கின்றன.

அதற்காகக் காதில் விழும் எல்லாவற்றுக்கும் மூளை வரப்பை நகர்த்துவதில்லை. ஒரு சோதனையில், பேசுபவர் வாயில் பேனாவைக் கவ்வியிருப்பதை வீடியோவில் பார்த்தவர்களுக்கு வரப்பு நகரவில்லை. குழறலுக்குக் காரணம் பேனா, ஆள் அல்ல என்று மூளை கணக்குப் போட்டுவிட்டது.