பெட்டியில் போன பாட்டில் கன்டெய்னரில் போகாது

வெளிநாட்டுக்கு அனுப்பிய சரக்கு துறைமுகத்தில் நின்றுபோன கதை, இந்த வருடத்தில் இது மூன்றாவது. போன வாரம் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா ஏற்றுமதி விஷயமாக என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கையில் மிளகாய்–பூண்டு சாஸ் பாட்டில், இன்னொரு கையில் பிரெஞ்சில் வந்த ஒரு மின்னஞ்சலின் பிரின்ட். அறுபது அட்டைப்பெட்டி சரக்கு பிரான்சின் லே ஆவ்ர் துறைமுகத்தில் நிற்கிறது. லேபிள் சரியில்லை, விற்பனைக்கு விட முடியாது. அழிக்க வேண்டும், இல்லையென்றால் சொந்தச் செலவில் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். பாரிஸில் லா சாப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் அவருடைய தம்பிதான் இறக்குமதியாளர்.

உட்கார்ந்ததும் அவர் கேட்டது இதுதான்: "நாலு வருஷமா தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் பத்துப் பாட்டில் எடுத்துட்டுப் போறான் சார். ஏர்போர்ட்ல ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்லையே?"

கேட்க மாட்டார்கள் அம்மா. பயணியின் பெட்டியில் அவர்கள் தேடுவது இறைச்சியும் பால் பொருளும். சாஸ் பாட்டில் உங்கள் தம்பி சாப்பிட எடுத்துப்போவது. சாப்பிட்டு வயிறு கெட்டால் அது உங்கள் குடும்ப விவகாரம். அதே பாட்டில் கடைத் தட்டில் ஏறிவிட்டால் கதை வேறு. வாங்குகிறவர் யாரோ. நம் பக்குவம் அவருக்குத் தெரியாது. கடுகு பட்டாலே தொண்டை வீங்குகிற ஆளாக இருக்கலாம். அவரிடம் பேச அங்கே உங்கள் தம்பி நிற்கப்போவதில்லை, அந்த லேபிள் மட்டும்தான் பேசும். ஏர்போர்ட்டில் விட்டார்கள் என்பதை நம் ஊரில் ஓர் அனுமதிச் சீட்டு மாதிரியே நினைத்துக்கொள்கிறோம். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பத்துப் பாட்டிலை நாற்பது தடவை கொண்டுபோயிருந்தாலும் அது ஏற்றுமதி அனுபவம் ஆகாது. பண்ருட்டி முந்திரிக்காரர்கள் என்னிடம் வரும்போது முதலில் காகிதத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். புதுச்சேரியில் வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருப்பதால், எல்லோரும் பெட்டியைக் காட்டி வாதம் செய்கிறார்கள்.

அடுத்த வாதம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர், அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண், இருக்கிறதே என்பது. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அது இந்தியாவின் அனுமதி. 2019 ஏப்ரலில் ஜப்பானின் ஒசாகாவில், வியட்நாமில் தயாரான சின்-சு சில்லி சாஸ் 18,000-க்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். காரணம் அதிலிருந்த பென்சாயிக் அமிலம், கெடாமல் இருக்கப் போடும் பொருள். வியட்நாமில் அது அனுமதிக்கப்பட்டது. ஜப்பானில் சில்லி சாஸுக்கு அனுமதி இல்லை. கெட்டுப்போன சாஸ் இல்லை அது, நாடு மாறியது, அவ்வளவே.

சரி, அந்த அம்மாவின் லேபிளுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள் சட்டம் 1169/2011. ஒவ்வாமை தரும் 14 பொருள்களைச் சேர்மானப் பட்டியலிலேயே தடித்த எழுத்தில் அல்லது வேறு விதத்தில் எடுப்பாகக் காட்ட வேண்டும். கடுகும் எள்ளும் அதில் உண்டு. இவர் 'மஸ்டர்ட்' என்று ஆங்கிலத்தில் மட்டும், மற்ற எழுத்தோடு எழுத்தாகப் போட்டிருக்கிறார். பிரான்சில் விற்க வேண்டுமானால் பிரெஞ்சு இருந்தே ஆக வேண்டும். நல்லெண்ணெயை 'ஜின்ஜெல்லி ஆயில்' என்று அச்சடித்திருக்கிறார். எள்ளுக்கு ஒவ்வாமை உள்ள பிரெஞ்சுக்காரருக்கு ஜின்ஜெல்லி என்றால் என்ன தெரியும்? அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 2023 ஜனவரி 1 முதல் அங்கேயும் எள் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது.

அப்புறம் பெருங்காயம். இதைத்தான் யாரும் நினைப்பதே இல்லை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். அப்படியானால் சாஸில் கோதுமை இருக்கிறது, எழுதியாக வேண்டும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். நான் போன வருடம் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "ஒரு சிட்டிகைதானே சார்" என்றார். ஒவ்வாமைக்குச் சிட்டிகைக் கணக்கு கிடையாது.

இன்னும் உண்டு. நம் லேபிளில் சோடியம் இருக்கும். ஐரோப்பாவில் உப்பு என்று போட வேண்டும், சோடியத்தை 2.5-ஆல் பெருக்கி. எழுத்தின் உயரத்துக்குக்கூட அளவு உண்டு: ஆங்கிலச் சின்ன எழுத்து 'x' 1.2 மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். மிகச் சிறிய பொட்டலங்களுக்கு மட்டும் சலுகை. ஒன்றியத்துக்குள் இருக்கும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் கட்டாயம். அதாவது பாட்டிலில் தம்பியின் பெயர். பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இதைக் கேட்டதும் அந்த அம்மா முகம் மாறியது. சரக்கு நின்றதுகூட அவருக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

மிளகாய்த்தூள் வாங்கும்போது "கலர் தூக்கலா இருக்கணும்" என்று மட்டும் கேட்காதீர்கள். 2003 மே மாதம் இந்திய மிளகாய்ப் பொருளில் சூடான் 1 சாயத்தைக் கண்டுபிடித்து எச்சரித்ததே பிரான்ஸ்தான். மெழுகுக்கும் ஷூ பாலிஷுக்கும் போடும் சாயம் அது. 2005-ல் பிரிட்டனில் அந்தச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு வொர்செஸ்டர் சாஸில் போய், அந்தச் சாஸ் சேர்ந்த 400-க்கும் மேற்பட்ட பொருள்களைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். இருபது வருடம் ஆகியும் நம் மிளகாய் என்றால் அவர்கள் கண் கொஞ்சம் சுருங்குகிறது. சரியாகக் காயாத, ஈரமுள்ள மிளகாயும் வேண்டாம்: அஃப்ளாடாக்சின் பி1 என்ற பூஞ்சை நச்சு ஐரோப்பாவில் காய்ந்த மிளகாயில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. வற்றலாகவே வாங்கி, காம்பு கிள்ளி, நீங்களே அரையுங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும், ஆய்வுக்கூடங்களை அங்கீகரிக்கும் என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதனை.

பி.எச்., அதாவது புளிப்பின் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), அதைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை, அது தெரியாமல் சாஸ் போடவே கூடாது. அமெரிக்கா போகிறவர்கள் மட்டும் 4.6 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வினிகர் ஊற்றி அதற்குக் கீழே இறக்கிய சாஸ் என்றால், பொதுவாக அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் தயாரிப்பு முறையையே பதிவு செய்ய வேண்டிவரும், பாட்டில் அளவு மாறினால் அதையும்.

தயவுசெய்து ஒன்று. பத்தாயிரம் லேபிள் அச்சடித்துவிட்டு வராதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில், சாஸில் விழும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள், மாமியார் சொல்லாமல் போடுகிற பொருள் உட்பட.

அந்த அம்மாவின் பாட்டில் இப்போது என் மேசையில் இருக்கிறது. அளந்து பார்த்தேன், பி.எச். 3.8. நேற்று தோசைக்குத் தொட்டுக்கொண்டேன், அருமையான சாஸ். பெருங்காய டப்பாவைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.