வைக்கிங் ராஜாவை மடக்குவது எப்படி?

சதுரங்கம் வந்து சேருவதற்கு முன்பு வைக்கிங்குகள் விரும்பி ஆடியது ஹ்னெஃபடாஃப்ல் என்ற பலகை ஆட்டம். இதில் இரு தரப்பும் சமமில்லை. நடுக்கட்டத்தில் ராஜா, சுற்றிலும் காவலர்கள். ஓரங்களில் அவர்களைப் போல இரண்டு மடங்கு எதிரிகள். ராஜா தப்பினால் ஒருவருக்கு வெற்றி, பிடிபட்டால் மற்றவருக்கு.

காய்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. எஸ்தோனியாவின் சால்மேயில், வைக்கிங் காலத்துக்குச் சற்று முந்தைய கப்பல் புதைகுழியில், இறந்த வீரர்களோடு திமிங்கல எலும்புக் காய்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஸ்வீடனின் பிர்கா கல்லறைகளில் கண்ணாடிக் காய்கள். அயர்லாந்தின் பாலிண்டெரியில் 1932இல் கிடைத்த மரப்பலகையில் கட்டங்களே இல்லை. 7க்கு 7 துளைகள்தான். காயைச் செருகி வைத்து ஆட வேண்டும்.

ஆனால் விதிகளை யாரும் எழுதி வைக்கவில்லை. நமக்கு உதவியவர், செடிகொடிகளுக்குப் பெயர் வைத்த அதே லின்னேயஸ்! 1732இல் ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்தில் சுற்றியபோது, சாமி இன மக்கள் ஆடிய டாப்லுட் என்ற ஆட்டத்தைக் குறித்துக்கொண்டார். ஹ்னெஃபடாஃப்லின் உறவுக்கார ஆட்டம் அது: 9க்கு 9 கட்டம், 8 காவலர்கள், 16 எதிரிகள். இன்று ஆடப்படும் விதிகள் பெரும்பாலும் அந்தக் குறிப்பை வைத்துக் கட்டியவை.

எல்லாக் காய்களும் சதுரங்க யானையைப் போல நேர்க்கோட்டில் எவ்வளவு தூரமும் போகலாம். எதிர்க்காயின் இரு பக்கமும் எதிரெதிரே நின்றால் அதை வெட்டலாம். அரியணையில், அதாவது நடுக்கட்டத்தில், இருக்கும் ராஜாவைப் பிடிக்க மட்டும் நான்கு பக்கமும் சூழ வேண்டும். அவருக்கோ பலகையின் ஓரத்தைத் தொட்டால் போதும். ஓரத்துக்கு ஒரு வழி திறந்தால் ராஜா தரப்பு 'ராய்ச்சி' என்று எச்சரிக்க வேண்டும். இரண்டு திறந்தால் 'துய்ச்சு'. ஒரே நகர்த்தலில் இரண்டையும் அடைப்பது அநேகமாக நடக்காது என்பதால், அப்புறம் ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

ஆள்பலம் இருக்கிறதே என்று எதிரித் தரப்பு உடனே வெட்ட இறங்கினால் தோற்றுவிடும். முதலில் வேலி போட வேண்டும். குறுக்காக, மூலையோடு மூலை தொட்டு நிற்கும் காய்கள்தான் சிறந்த வேலி. யாருக்கும் குறுக்கு நகர்வு கிடையாது என்பதால் அதில் நுழைய இடைவெளியே இருக்காது. இன்னொரு வசதியும் உண்டு. அந்த வரிசையில் எந்தக் காயை வெட்டவும் இருபுறமும் ஆள் வேண்டும்; அதில் ஒரு புறம் வேலிக்கு வெளியே விழும். உள்ளே அடைபட்டவர்களால் அங்கே போக முடியாது.

அதனால்தான் ராஜா பக்கம் ஆடுகிற விவரமானவர், வேலி மூடுவதற்குள் காவலர் ஒருவரையாவது வெளியே அனுப்பிவிடுவார்.