அப்போபிஸும் கரைவலையும்

கிழக்கிலங்கைக் கரையோரப் பாடசாலைகளில் அனர்த்த முன்னாயத்தப் பயிற்சி நடத்துவது என் வேலை. கல்லடி, காரைதீவு, மருதமுனை என்று எங்கே போனாலும், சுனாமிப் பாடம் முடிந்ததும் ஒரு கை உயரும். "சேர், 2029இல வானத்தால ஒரு கல்லு வருகுதாமே, மெய்தானா?" வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வருவது மெய்தான். ஆனால் விழாது.

அந்தச் சிறுகோளின் பெயர் அப்போபிஸ். சராசரியாக 340 மீற்றர் குறுக்களவு, உருண்டையல்ல, நீளவாக்கான பாறை. ஒழுங்காக விடாத பம்பரம் போலத் தள்ளாடிப் புரண்டுகொண்டு ஓடுகிறது. சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 324 நாள் எடுப்பதால் பெரும்பாலும் நமக்கு உள்பக்கமாகவே திரியும், இடையிடையே பூமியின் பாதையைத் தாண்டி வெளியே வரும். 2029இல் பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை வளைத்துவிடும். பிறகு ஒரு சுற்றுக்கு ஓர் ஆண்டுக்கு மேல் பிடிக்கும்.

அன்று அது நிலத்திலிருந்து சுமார் 32,000 கிலோமீற்றர் தூரத்தில் கடக்கும். நம் வீட்டு டிஷ் அன்டெனாக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் செய்மதிகள் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றை விடவும் கிட்ட! நம் நேரப்படி 14ஆம் திகதி அதிகாலை 3.16 அளவில். அந்த வேளை ஐரோப்பா, ஆபிரிக்கா பக்கத்தவருக்கே நன்றாகத் தெரியும். 13ஆம் திகதி இரவில் இந்து சமுத்திரத்துக்கு மேலாக மேற்கே நகரும்போது நமக்கு மங்கலாகத்தான் தெரியும். பைனாகுலரும் இருட்டான இடமும் வேண்டும்.

இந்தக் கல்லோடு எனக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. 2004 ஜூனில் அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் கண்டுபிடித்து, டிசம்பரில் மீண்டும் பிடித்துப் பாதையைக் கணக்கிட்டார்கள். 27ஆம் திகதி மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் வரை ஏறியது. மோதல் ஆபத்தைச் சொல்லும், பத்துவரை போகும் டொரினோ அளவுகோலில் 4, வேறெந்தச் சிறுகோளும் தொடாத உயரம். அன்று இங்கே யாருக்கும் அது தெரியாது. முதல் நாள்தான் கடல் வந்திருந்தது. சுமாத்திராவில் பூமி அதிர்ந்து அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது, சொல்ல ஆளில்லை. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிந்திய ஆபத்தைக் கணக்கிட ஆளிருந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அந்தப் புள்ளி கிடைத்ததும் 2029 ஆபத்து அதே 27ஆம் திகதியே நீங்கியது. 2021இல் ராடார் அளவீடுகள், அடுத்த நூறு ஆண்டுக்காவது மோதல் இல்லை என்றும் உறுதிசெய்தன.

"மறுகா ஏன் அந்தச் சதவீதம் முதல்ல கூடின?" என்று வலைச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி கேட்டார். கரைவலையைத்தான் உதாரணம் காட்டினேன். கல் வரக்கூடிய இடம் முழுவதும் வலை, பூமி உள்ளே ஒரு மீன். வலை அகலமாகக் கிடக்கையில் மீன் வெறும் பொட்டு. இழுக்க இழுக்க வளைப்புச் சிறுக்கும், மீன் இன்னும் உள்ளே நின்றால் அதன் பங்கு பெருத்துத் தெரியும். அது மடிக்கு வெளியே தப்பினால் சட்டென்று பூச்சியம். அவதானிப்புக் கூடியதால்தான் சதவீதமும் கூடியது. சம்மாட்டி சிரித்தார்: "அப்ப இழுக்கிறவனைப் பார்த்துத்தான் பயப்பிட்டிருக்கம்."

2025 பெப்ரவரியில் 2024 வைஆர்4 என்ற கல்லுக்கும் இதே கதைதான். 2032இல் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாட்களில் அற்றுப்போனது. மோதினால் விழக்கூடிய பட்டையில் தெற்காசியாவும் இருந்ததால், நம் ஊர் ஃபோனெல்லாம் அதிர்ந்தது. ஏறும்போது பகிர்ந்தவர்கள் இறங்கியபோது பகிரவில்லை.

போன மாதம் ஒரு வகுப்பில் அப்போபிஸ் பற்றி ஒன்பது கேள்விகள் வந்தன. முடிவில் நான் ஒன்று கேட்டேன்: சுனாமி எச்சரிக்கை வந்தால் உங்கள் வீட்டிலிருந்து எந்த வீதியால் ஓடுவீர்கள்? இரண்டு கை உயர்ந்தது.