கழுவிவிட்டால் பெயரும் போய்விடும்: ஆழ்கடல் கூம்பு நத்தைகளை இனங்காண்பது எப்படி?

சில மாதங்களுக்கு முன் என் மேசைக்கு ஒரு சிறு பெட்டி வந்தது. உள்ளே பஞ்சில் பொதிந்த ஒரு கூம்பு நத்தை ஓடு. 38 மில்லிமீட்டர் நீளம், வெளிர் மஞ்சள் நிறம், நடுவில் மங்கலான ஒரு பழுப்புப் பட்டை, கண்ணாடிபோன்ற பளபளப்பு. அனுப்பியவர் அன்போடு ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: “மிக ஆழத்தில் இழுத்த வலையில் வந்தது. பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, எண்ணெய் தடவியிருக்கிறேன். என்ன இனம் என்று சொல்லுங்கள்.”

என்னால் சொல்ல முடியவில்லை. எந்தக் கடல், எத்தனை மீட்டர், எந்த நாள் என்ற விவரம் இல்லை. சதை இல்லை, காலில் ஒட்டியிருக்கும் சிறு மூடி இல்லை, ஓட்டைப் போர்த்தியிருக்கும் மெல்லிய மேல்தோலும் இல்லை. எதைக்கொண்டு பெயர் சொல்வேனோ அதெல்லாம் கழுவிய நீரோடு போயிருந்தது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இதை யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்பதுதான் வருத்தம்.

ஓடு முழுமையாக இருக்கிறதே, அதைப் பார்த்தே சொல்லக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். பவளப்பாறைகளில் வாழும் சில இனங்களை அப்படிச் சொல்லிவிடலாம். கோனஸ் மார்மோரியஸின் கறுப்புப் பின்னணியில் பதிந்த வெள்ளை முக்கோணங்களை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஆழ்கடல் இனங்களிடம் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. பலவும் வெளிறியவை, ஒரு பட்டை, சில புள்ளிகள், அவ்வளவுதான். ஒரே இனத்தின் குட்டியும் முதிர்ந்ததும் வேறு வேறாகத் தோன்றும். நெருங்கிய உறவே இல்லாத இரண்டு இனங்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருக்கும்.

அதனால் கண்ணை நம்பாமல் அளவியை எடுக்கிறோம். மொத்த நீளம், மிக அகன்ற இடத்தின் விட்டம், வாய்த்திறப்பின் உயரம், இவற்றுக்கிடையே உள்ள விகிதங்கள். பிறகு ஓட்டின் உச்சியை நுண்ணோக்கியில் பார்க்கிறோம். அங்கே ஓரிரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் நத்தையின் குழந்தைப் பருவம் அப்படியே பதிந்திருக்கிறது. முதல் சுருள்கள் குறுகலாக, எண்ணிக்கையில் அதிகமாக இருந்தால், அதன் இளவுயிரி நீரில் மிதந்து நுண்ணுயிர்களைத் தின்று நெடுந்தூரம் பரவியிருக்கும். உருண்டையாக ஒன்றரைச் சுருளோடு நின்றுவிட்டால், பிறந்த இடத்துக்கு அருகிலேயே வளர்ந்தது என்று கொள்ளலாம். வெகு தொலைவில் உள்ள இரண்டு கடலடி மலைகளில் கிடைத்தவை ஒரே இனமா, வேறா என்ற கேள்வியில் இந்தத் தடயத்துக்கு மிகுந்த எடை உண்டு. ஓட்டைத் தேய்த்து மெருகேற்றும்போது முதலில் அழிவதும் இதே உச்சிதான்.

காலி ஓட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நத்தை இறந்தபின் அதில் துறவி நண்டு குடியேறி, ஓட்டைச் சுமந்துகொண்டே வேறு ஆழத்துக்குப் போய்விடும். சரிவில் உருண்டு இறங்கும் ஓடுகளும் உண்டு. காலி ஓடு கிடைத்த ஆழத்தை நத்தை வாழ்ந்த ஆழமாக எழுதிவைத்தால், அந்தப் பிழை பட்டியலுக்குப் பட்டியல் நகலாகிக்கொண்டே போகும்.

உயிரோடு பிடிபட்ட ஒன்று, கழுவப்படாமல் என்னிடம் வந்த நாளைச் சொல்கிறேன். உடல் காய்ந்து ஓட்டுக்குள் கறுத்துக் கிடந்தது. நாற்றம் பொறுக்கமுடியாதது; எனக்கு மகிழ்ச்சி. சதையை ஊறவைத்துப் பிரித்ததும் காலின் பின்பக்கத்தில் பழுப்பு நிறத்தில், விரல்நகத் துணுக்கு அளவில் மூடி தெரிந்தது. அதன் ஓரம் வழவழப்பாக இல்லை, ரம்பம்போல் சிறு சிறு பற்களாக இருந்தது. ஆழ்கடலை வீடாகக் கொண்ட ப்ரொஃபண்டிகோனஸ் என்ற பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் தொகுதி) அடையாளம் அது. பலரும் வழக்கமாகச் செய்யும் ‘சுத்தத்தில்’ முதலில் தூக்கி எறியப்படும் பொருளும் அதுவே.

அடுத்துப் பல். கூம்பு நத்தையின் பல் நீண்ட குழாய்; நுனியில் முள் வைத்த ஈட்டி. வேட்டையின்போது இந்த ஈட்டியில் நஞ்சை ஏற்றி இரையின் உடலில் பாய்ச்சுகிறது. பற்கள் இருக்கும் சிறு சதைப்பையைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் மென்திசு கரைந்துவிடும், கைட்டினாலான பற்கள் கரையாமல் அடியில் தங்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழுவிக் கண்ணாடித் தகட்டில் கிடத்தும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். ஒரு தும்மலில் எல்லாம் பறந்துவிடும். முள் எத்தனை, எந்த இடத்தில், ஓரத்தில் அரம்போன்ற வெட்டுகள் எதுவரை ஓடுகின்றன, பல்லின் நீளம் ஓட்டின் நீளத்தில் எத்தனை பங்கு என்றெல்லாம் குறித்துக்கொள்கிறோம்.

கடைசியாக மரபணு. சி.ஓ.ஐ. எனப்படும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட பகுதியைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த இனங்களோடு ஒப்பிடுவது வழக்கம். இந்த ஒன்றை மட்டும் வைத்துப் புதிய இனம் என்று அறிவிப்பதை நான் ஏற்பதில்லை. ஓடும் பல்லும் மரபணுவும் ஒரே திசையைக் காட்டவேண்டும்.

பழைய நூலில் ஒரு பெயர், இணையப் பட்டியலில் வேறொரு பெயர் என்று குழம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. லின்னேயஸ் 1758-இல் கோனஸ் என்ற பேரினத்தை வைத்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலோர் எல்லாக் கூம்பு நத்தைகளையும் அதிலேயே அடக்கினார்கள். 2009-இல் டக்கர், டெனோரியோ என்ற இரு ஆய்வாளர்கள் ஓட்டையும் பல்லையும் அடிப்படையாகக் கொண்டு அவற்றை நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிரித்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் மரபணு ஆய்வை முன்வைத்து பியுய்யாந்த்ரும் அவருடைய குழுவினரும் அதை நான்காகச் சுருக்கினார்கள்: கோனஸ், கோனாஸ்ப்ரெல்லா, கலிஃபோர்னிகோனஸ், ப்ரொஃபண்டிகோனஸ். பிறகு சில சிறு பேரினங்கள் சேர்ந்தன. நூலில் ஒரு பெயரைப் பார்த்தால் அது எந்த ஆண்டின் நூல் என்பதையும் பாருங்கள்.

‘அரியது’ என்ற சொல்லையும் அவசரப்பட்டுச் சொல்லவேண்டாம். கோனஸ் குளோரியாமாரிஸ் 1777-இல் பெயர்பெற்றது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே ஓடுகள் இருந்தன. செல்வந்தர்கள் அதற்காகப் போட்டியிட்டார்கள். சாலமன் தீவுகளின் குவாடல்கனால் அருகே 1969-இல் முக்குளிப்போர் அதன் வாழிடத்தைக் கண்டபோதுதான், அது எங்கே வாழ்கிறது என்று நமக்குத் தெரியாமல் இருந்ததே அந்த அருமைக்குப் பெரும் காரணம் என்று புரிந்தது. இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. உலக அளவில் 632 கூம்பு நத்தை இனங்களின் நிலையை மதிப்பிட்டு 2013-இல் வெளியான ஆய்வில், 87 இனங்களைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்று குறிக்கப்பட்டது. கழுவித் துடைத்த ஓடுகளால் அந்தத் தரவு வராது.

எனவே ஆழத்திலிருந்து வந்த ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால், முதலில் கையைப் பின்னால் இழுங்கள். உயிருள்ள கூம்பு நத்தை தன் துதிக்கையை நீட்டி ஓட்டின் எந்தப் பக்கத்தையும் தொட்டுவிடும். அகன்ற பக்கத்தைப் பிடித்தால் பாதுகாப்பு என்பது தவறான நம்பிக்கை. கோனஸ் ஜியோகிராஃபஸ் மனிதர்களைக் கொன்றிருக்கிறது, அதன் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. குத்துப்பட்டால் அந்த உறுப்பை அசைக்காமல் கட்டி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். மூச்சு நின்றுபோனால் செயற்கைச் சுவாசம்தான் உயிரைக் காக்கும். ஆழ்கடல் இனங்கள் பலவற்றின் நஞ்சை யாரும் ஆராய்ந்ததே இல்லை. ஆகவே எல்லாவற்றையும் கொடியதாகவே கருதி, நீண்ட இடுக்கியால் எடுங்கள்.

பிறகு ஓட்டை உடைக்காமல், கழுவாமல், 95 சதவீத எத்தனாலில் முழுதாக மூழ்கவையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், அது மரபணுவைக் கெடுத்துவிடும். வலை இறங்கிய இடம், ஏறிய இடம், இரண்டின் ஆழமும், நாளும் பென்சிலால் கெட்டிக் காகிதத்தில் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டும் சீட்டு ஒருநாள் உதிர்ந்துவிடும்.

ரம்பப் பல் மூடியோடு வந்த அந்த நத்தைக்கு இன்னும் இனப்பெயர் வைக்கவில்லை. ஓட்டின் விகிதங்கள் தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை, பல்லும் சற்றே விலகி நிற்கிறது. காய்ந்த சதையிலிருந்து மரபணு எடுக்க இரண்டு முறை முயன்றும் கிடைக்கவில்லை. அதே ஆழத்திலிருந்து எத்தனாலில் இட்ட இன்னொன்று வரவேண்டும். அதுவரை ஜாடிக்குள் கிடக்கும் காகிதத்தில் ‘ப்ரொஃபண்டிகோனஸ், இனம் தீர்மானிக்கப்படவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.