கழுத்துக்கு ஒரு பெல்ட்

2000 ஏப்ரல் 2. டெக்சஸில் 19 வயது ஆடம் பெட்டி, அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களில் உச்சத் தொடரான 'கப்'பில் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார். என்ஜின் பழுதாகி 40ஆவது இடம். அதுவே அவருடைய கடைசிக் கப் பந்தயமும்கூட. கொள்ளுத்தாத்தா லீ பெட்டி 1959இல் நாஸ்காரின் புகழ்பெற்ற பந்தயமான டேடோனா 500ஐ, அதன் முதல் ஆண்டிலேயே வென்றவர். தாத்தா ரிச்சர்ட் 200 பந்தயங்களை வென்றவர். அப்படியொரு வீட்டுப் பிள்ளை.

மே 12 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சி ஓட்டத்தின்போது அவருடைய கார் மூன்றாம் திருப்பத்தில் சுவரில் மோதியது. ஆடம் இறந்தார். ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டதாகக் கருதப்பட்டது. எட்டே வாரத்தில் அதே திருப்பத்தில் மோதி, கென்னி இர்வின் என்ற இன்னொரு ஓட்டுநரும் இறந்தார். இருவருக்கும் ஒரே காயம்: மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு.

ஹெல்மெட் இருந்தது, பெல்ட்டும் இருந்தது. பிறகு எப்படி?

மணிக்கு 160 கிலோமீட்டரில் சுவரில் நேராக மோதி 2 மீட்டருக்குள் நின்றுவிடும் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் புவியீர்ப்பைப் போல 50 மடங்கு வேகத்தளர்ச்சி வருகிறது. உடம்பைப் பெல்ட் இழுத்துப் பிடித்துவிடும். தலையைப் பிடிக்கத்தான் ஆளில்லை. அது அதே வேகத்தில் முன்னே போகப் பார்க்கும். ஹெல்மெட்டோடு சேர்த்துச் சுமார் 6 கிலோ, அந்தக் கணத்தில் 300 கிலோவாகக் கழுத்தை இழுக்கும். கழுத்தும் மண்டையும் சேரும் இடத்தில் எலும்பு விட்டுக்கொடுத்துவிடும். தலை எதிலும் இடிக்கவே வேண்டாம். ஹெல்மெட் இதில் உதவாது, அதன் எடை கூடுதல் சுமைதான்.

இதற்கு மருந்து அப்போதே கையில் இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிர் இயந்திரவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், பந்தய ஓட்டுநரான தன் மைத்துனர் ஜிம் டவுனிங்குடன் சேர்ந்து 1980களிலேயே 'ஹான்ஸ்' கருவியை உருவாக்கியிருந்தார். தோளில் அமரும் கெட்டியான கழுத்துப்பட்டை அது. பெல்ட் அதன்மேல் ஓடி அதை அழுத்திப் பிடிக்கும். இரண்டு வார்கள் ஹெல்மெட்டின் பக்கங்களை அதனோடு கட்டும். தலை முன்னே பாய்ந்தால் இழுவை கழுத்துக்குப் போகாமல் வார் வழியாகப் பட்டைக்கும் பெல்ட்டுக்கும் போய்விடும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இடைஞ்சலாக இருக்கிறது என்று பலர் அணியவில்லை.

இரு மரணங்களுக்குப் பிறகு, என்ஜினை உடனே அணைக்க ஸ்டியரிங்கில் ஒரு சுவிட்ச் கட்டாயமானது. கழுத்துக் கருவி கட்டாயமாக, 2001 பிப்ரவரியில் டேல் எர்ன்ஹார்ட் போன்ற பெரிய நட்சத்திரமே இறக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் உத்தரவு வந்தது. அப்புறம் சுவரின் முறை. 2002இல் இண்டியானாபொலிஸில், கான்கிரீட்டுக்கு முன்னால் எஃகுக் குழாய்களும் அவற்றின் பின்னே நுரைக் கட்டிகளுமாக, மோதினால் கொஞ்சம் உள்வாங்கும் சுவர் எழுந்தது.